நூலகர் மேசை: உ.வே.சா.வை ‘உ’வில் தேடலாமா?

போன இதழில் போகிற போக்கில் ஒரு வரி எழுதியிருந்தேன்: யாராவது ஆய்வேட்டைக் கையில் கொடுத்தால் நான் கடைசிப் பக்கத்திலிருந்துதான் புரட்டுவேன், துணைநூற்பட்டியலைப் பார்த்தாலே ஆள் எப்படி உழைத்திருக்கிறார் என்று தெரிந்துவிடும் என்று. அதற்கு வந்த கடிதங்கள் ஒரு கட்டு. பாதி சண்டை, பாதி சந்தேகம். சண்டைக்காரர்களுக்குத் தனியே பதில் போட்டுவிட்டேன். சந்தேகங்களில் சிலவற்றுக்கு இங்கே.

அம்மா, என் நெறியாளர் தமிழ்ப் பெயர்களை இனிஷியலோடு அப்படியே எழுதச் சொல்கிறார். துறையில் இன்னொரு பேராசிரியர் பெயரைத் திருப்பிப் போட்டு இனிஷியலைப் பின்னால் வை என்கிறார். யார் பேச்சைக் கேட்பது?
(முனைவர் பட்ட மாணவி, தென்காசி)

நெறியாளர் பேச்சை. கையெழுத்துப் போடப்போவது அவர்தான்.

ஆனால் விஷயம் புரிந்து செய்தால் இரண்டில் எதைச் செய்தாலும் தப்பில்லை. வெளிநாட்டு விதிநூல்கள் எல்லாம் ஒவ்வொருவருக்கும் குடும்பப் பெயர் ஒன்று உண்டு என்று நம்பி எழுதப்பட்டவை. நமக்குப் பெரும்பாலும் அது கிடையாது. உ.வே. சாமிநாதையரில் ‘உ’ உத்தமதானபுரம், அவர் ஊர். ‘வே’ வேங்கடசுப்பையர், அவர் அப்பா. மிச்சம் நிற்பதுதான் அவர். எம்.எஸ். சுவாமிநாதனும் அப்படியே: மான்கொம்பு பூர்விக ஊர், சாம்பசிவன் அப்பா. வெளிநாட்டவர்களுக்குக் கடைசியில் நிற்பது குடும்பம்; நமக்குக் கடைசியில் நிற்பது ஆள். அதனால் ‘சாமிநாதையர், உ.வே.’ என்று திருப்பினாலும் காரியம் கெடுவதில்லை. திருப்பாமல் ‘உ.வே. சாமிநாதையர்’ என்றே எழுதினாலும் சரி, அவரை ‘சா’வில் வையுங்கள். ‘உ’வில் வைத்தால் ஊர்க்காரர்களை எல்லாம் ஒரே பெஞ்சில் உட்கார வைத்த மாதிரி ஆகிவிடும். அப்படி அடுக்கிய ஆய்வேடுகளை நிறையவே பார்த்திருக்கிறேன். ஒரே ஆளின் மூன்று நூல்கள், இனிஷியலை ஒவ்வொரு பதிப்பகமும் ஒவ்வொரு விதமாகப் போட்டதால், மூன்று இடத்தில் கிடக்கும்.

சிக்கல் எங்கே வருகிறது என்றால், அப்பா பெயர் பின்னால் போகும்போது. பாஸ்போர்ட்டில் செல்வி முருகன் என்று இருக்கும் ஒரு பெண் அதே பெயரில் ஆங்கிலக் கட்டுரை எழுதுகிறாள் என்று வைத்துக்கொள்ளுங்கள். உலகம் முழுக்க அவளை ‘முருகன், எஸ்.’ என்றுதான் சுட்டும். உழைத்தது மகள், பெயர் அப்பாவுக்கு. மற்றவர்களின் கட்டுரைகளைச் சுட்டும்போது நாம் அதை மாற்ற முடியாது. கட்டுரையில் அச்சாகியுள்ளபடிதான் எழுத வேண்டும். உங்கள் கட்டுரையிலாவது முதல் தடவையே ஒரு வடிவத்தை முடிவு செய்து கடைசிவரை அதையே வைத்துக்கொள்ளுங்கள். ஆர்கிட் என்று ஆய்வாளர்களுக்கு ஒரு 16 இலக்க எண் 2012 முதல் இலவசமாகத் தருகிறார்கள். பெயர் எப்படித் திரிந்தாலும் எண் உங்களோடு இருக்கும்.

எழுத்துக்கூட்டலும் ஒரு தொல்லை. சாமிநாதையர், சாமிநாத ஐயர், சுவாமிநாதையர் என்று மூன்று விதமாகவும் அச்சிட்டிருக்கிறார்கள். அமெரிக்க நாடாளுமன்ற நூலக அட்டவணையிலோ ஒலிபெயர்ப்பு முறைப்படி அவர் ஆங்கில ‘சி’ எழுத்தில் இருக்கிறார், ‘எஸ்’ஸில் தேடினால் கிடைக்க மாட்டார். உங்கள் கையில் இருக்கும் பிரதியின் தலைப்புப் பக்கத்தில் எப்படி இருக்கிறதோ அப்படி எழுதுங்கள். மேலட்டையை நம்ப வேண்டாம். அதை வரைந்தவர் ஓவியர். புனைபெயருக்கும் இதே வழிதான். புதுமைப்பித்தன் ‘பு’வில்தான் இருக்க வேண்டும், சொ. விருத்தாசலம் என்பதைப் பகர அடைப்புக்குள் போட்டுக்கொள்ளலாம்.

ஏபிஏ, எம்எல்ஏ, சிகாகோ, வான்கூவர், ஐஇஇஇ... எதற்கு இத்தனை மேற்கோள் முறைகள்? எல்லாரும் கூடி ஒன்றை முடிவு செய்யக் கூடாதா?
(பொறியியல் மாணவர், கோயம்புத்தூர்)

கூடித்தான் முடிவு செய்தார்கள் தம்பி, ஒவ்வொரு துறையும் தனித்தனியே கூடியது. 1978இல் மருத்துவ இதழ்களின் ஆசிரியர்கள் சிலர் கனடாவின் வான்கூவர் நகரத்தில் கூடினார்கள். ஒரே கட்டுரையை இதழுக்கு இதழ் மாற்றித் தட்டச்சு செய்வது எல்லோருக்கும் அலுத்துப்போயிருந்தது. அப்படி வந்தது வான்கூவர் முறை: கட்டுரையில் எண், கடைசியில் அந்த எண் வரிசையில் பட்டியல். அமெரிக்க உளவியலாளர்களின் ஏபிஏ 1929இல் ஏழு பக்கக் கட்டுரையாகப் பிறந்தது. இன்று 400 பக்கத்தைத் தாண்டிய புத்தகம். விதி எழுதுகிறவர்களுக்கும் பொழுது போக வேண்டும்.

ஹார்வர்டு முறை என்கிறோமே, அதன் கதை எனக்குப் பிடிக்கும். எட்வர்ட் லாரன்ஸ் மார்க் என்ற விலங்கியலாளர் 1881இல் ஓடில்லா நத்தையைப் பற்றி எழுதிய கட்டுரையில், ஆசிரியர் பெயரையும் ஆண்டையும் அடைப்புக்குறிக்குள் போட்டார். இன்று நாம் ‘(வையாபுரிப்பிள்ளை, 1956)’ என்று எழுதுகிறோமே, அதற்கு மூத்த உதாரணமாக அந்த நத்தையைத்தான் காட்டுகிறார்கள்.

வேறுபாட்டுக்குக் காரணமும் உண்டு. உளவியலில் பத்தாண்டு பழைய ஆய்வு என்றால் சந்தேகத்தோடு பார்ப்பார்கள், அதனால் ஏபிஏவில் ஆண்டு பெயரை ஒட்டியே வந்துவிடும். இலக்கியத்தில் ஆண்டைவிடப் பக்கம் முக்கியம், எனவே எம்எல்ஏ கட்டுரைக்குள் பெயரும் பக்க எண்ணும் போடச் சொல்லி, ஆண்டைப் பட்டியலில் பின்னால் தள்ளிவிடுகிறது. வரலாற்றுக்காரர்களுக்கு ஆவணக் கட்டு, கோப்பு எண் எல்லாம் சொல்லியாக வேண்டும். அதற்கு அடிக்குறிப்புதான் வசதி, ஆகவே சிகாகோ. உங்களுக்கு ஐஇஇஇதான் கேட்பார்கள்: பகர அடைப்புக்குள் எண். மற்றவற்றை மறந்துவிடுங்கள். ஆனால் ஒன்று, எந்தப் பதிப்பு என்று கேட்டுக்கொள்ளுங்கள். ஏபிஏ ஏழாம் பதிப்பில் வெளியீட்டாளரின் ஊர் பெயரை எடுத்துவிட்டார்கள். ஆறாம் பதிப்பு வைத்திருக்கும் சீனியரிடம் மாதிரி வாங்கினால் ‘நியூயார்க்’, ‘லண்டன்’ என்று எல்லா வரியிலும் போட்டுவிட்டு நிற்பீர்கள்.

எங்கள் வீட்டில் தாத்தா சேர்த்த பழைய நூல்கள் உண்டு. சிலவற்றில் ஆங்கில ஆண்டே இல்லை, ‘சர்வசித்து வருஷம்’ என்று மட்டும் இருக்கிறது. பட்டியலில் என்ன ஆண்டு போடுவது?
(ஓய்வுபெற்ற ஆசிரியர், யாழ்ப்பாணம்)

ஐயா, இந்தக் கடிதத்தைப் படித்ததும் எனக்கு ஒரு டீ குடித்த சுறுசுறுப்பு வந்தது. என் காலத்தில் இந்த வேலைக்காகவே மேசைக் கண்ணாடிக்கு அடியில் அறுபது ஆண்டுப் பட்டியலை வைத்திருந்தேன்.

பிரபவ 1867, 1927, 1987இல் தொடங்கியது. அதிலிருந்து எண்ணினால் சர்வசித்து இருபத்தொன்றாவது. ஆகவே உங்கள் நூல் 1887 அல்லது 1947. சித்திரையில் தொடங்கும் ஆண்டு என்பதால் 1887 என்பது உண்மையில் 1887 ஏப்ரல் நடுவிலிருந்து 1888 ஏப்ரல் நடுவரை. மாதமும் கொடுத்திருந்தால் வேலை சுலபம்: தை, மாசி, பங்குனி என்றால் 1888. மார்கழி என்றால் இரண்டும் கெட்டான், பாதி இந்தப் பக்கம் பாதி அந்தப் பக்கம். மாதம் இல்லாவிட்டால் ‘சர்வசித்து [1887-88]’ என்று எழுதுங்கள். பகர அடைப்பு போட்டால், இது நூலில் இல்லை, நான் கணக்கிட்டது என்று படிப்பவருக்குப் புரியும்.

1887ஆ 1947ஆ என்று எப்படித் தெரிவது? விலை அணாவில் இருக்கிறதே என்று பார்க்காதீர்கள், இந்தியாவில் அணா 1957 வரை இருந்தது. அச்சகத்தின் பெயரைப் பாருங்கள், பெயருக்கு முன்னால் வரும் பட்டங்களைப் பாருங்கள். உ.வே.சா. பெயருக்கு முன்னால் ‘மகாமகோபாத்தியாய’ இருந்தால் அது 1906க்கு முந்தையதாக இருக்க முடியாது, அந்தப் பட்டம் கிடைத்ததே அந்த ஆண்டில்தான். 1887 நல்ல ஆண்டு, தெரியுமா? உ.வே.சா.வின் சீவக சிந்தாமணியும், உங்கள் ஊர் சி.வை. தாமோதரம்பிள்ளையின் கலித்தொகையும் அந்த ஆண்டில்தான் வந்தன. உங்கள் தாத்தா சேர்த்ததில் அந்தக் கலித்தொகை இருந்தால் தயவுசெய்து எனக்கு இன்னொரு கடிதம் போடுங்கள். பட்டியலுக்காக இல்லை, சும்மா பொறாமைப்பட.

இதோடு சேர்த்து ஒன்று. திருவள்ளுவர் ஆண்டு மட்டும் போட்ட நூல்களுக்கு 31ஐக் கழிக்க வேண்டும். இதைச் சொல்லித்தராமல் விட்ட பாவம் எனக்கு உண்டு. எங்கள் கல்லூரி மாணவர் ஒருவர் நூலில் இருந்தபடியே ‘2029’ என்று போட்டு ஒரு வெளிநாட்டு ஆங்கில இதழுக்குக் கட்டுரை அனுப்பிவிட்டார். இன்னும் வெளிவராத நூலை எப்படிப் படித்தீர்கள் என்று கேட்டு மரியாதையாகக் கடிதம் வந்தது. அது 1998இல் வந்த நூல்.

‘மேலது’, ‘மு.நூ.’ எல்லாம் இன்னும் போடலாமா?
(பேர் போடாத கடிதம், திருச்சி)

‘மேலது’ என்றால் மேலே சொன்ன அதே நூல், ‘மு.நூ.’ என்றால் முன்பு சொன்ன நூல். தமிழ்த் துறை ஆய்வேட்டில் போடலாம், அதிகம் போடாதீர்கள். அச்சுக்குப் போகுமுன் நடுவில் ஓர் அடிக்குறிப்பைப் புதிதாகச் செருகினால் அதற்குக் கீழே இருக்கும் ‘மேலது’ அத்தனையும் வேறு நூலுக்குத் தாவிவிடும். சிகாகோக்காரர்களே இப்போது அதைக் கைவிட்டு, ஆசிரியர் பெயரும் சுருக்கிய தலைப்பும் எழுதச் சொல்கிறார்கள்.

இருநூறு நூல்களை அகரவரிசையில் அடுக்கக் கணினியிடம் கொடுத்தேன். ‘க’ முதலில் வருகிறது, ‘அ’ நடுவில் வருகிறது. கணினிக்குத் தமிழ் தெரியாதா?
(பகுதிநேர ஆய்வாளர், சேலம்)

பாமினி என்ற பழைய எழுத்துருவில் தட்டச்சு செய்திருக்கிறீர்கள், சரிதானே? அதில் கணினிக்குத் தெரிவது ஆங்கில எழுத்து மட்டும், தமிழ் உருவம் நம் கண்ணுக்கு. பாமினியில் ‘க’ இருப்பது எஃப் விசையில், ‘அ’ இருப்பது எம் விசையில். அது ஒழுங்காக ஆங்கில வரிசையில் அடுக்கிக் கொடுத்திருக்கிறது, பாவம். யூனிகோடுக்கு மாற்றிவிட்டு மறுபடி அடுக்குங்கள்.

மாற்றிய பிறகும் கண்ணால் ஒருமுறை பாருங்கள். சில மென்பொருள்கள் எழுத்தின் குறியீட்டு எண்ணை வைத்து அடுக்கும். அந்த எண் வரிசையில் ர, ற, ல, ள, ழ, வ என்று இருக்கும். நமக்கோ ர, ல, வ, ழ, ள, ற, ன. ‘அருள்’, ‘அவை’, ‘அழகு’, ‘அறம்’ என்று வர வேண்டியது ‘அருள்’, ‘அறம்’, ‘அழகு’, ‘அவை’ என்று வந்து நிற்கும். ஜானகிராமன் சகரத்துக்கும் ஞகரத்துக்கும் நடுவே போய் உட்கார்ந்திருப்பார். நம் அகராதி வழக்கில் கிரந்த எழுத்துகள் கடைசியில். இருநூறு வரிதானே, ஒரு மாலை வேலை.

ஒரு நூல் கிடைக்கவே இல்லை. ஆனால் வேறொருவர் ஆய்வேட்டில் அதிலிருந்து மேற்கோள் இருக்கிறது. அவர் கொடுத்த விவரத்தை அப்படியே என் பட்டியலில் சேர்க்கலாமா?
(எம்.ஃபில். முடித்தவர், தஞ்சாவூர்)

கூடாது. ‘இன்னாருடைய நூலில் எடுத்தாளப்பட்டது’ என்று எழுதி, நீங்கள் படித்த அந்த ஆய்வேட்டை மட்டும் பட்டியலில் வையுங்கள்.

ஏன் இவ்வளவு கறாராகச் சொல்கிறேன் என்றால், ஒருநாள் ஒரு பெண் துண்டுச் சீட்டோடு என் மேசைக்கு வந்தாள். நாட்டார் வழக்காறு பற்றிய ஒரு நூல், பக்கம் 246. நூல் எங்களிடம் இருந்தது. எடுத்துப் பார்த்தால் மொத்தமே 198 பக்கம். வேறு பதிப்போ என்று தேடினோம், அதற்கு ஒரே பதிப்புதான். எனக்கு ஆர்வம் தாங்கவில்லை. எங்கள் தட்டில் இருந்த ஆய்வேடுகளை இறக்கிப் பார்த்தேன். மூன்றில் அதே மேற்கோள், அதே 246. நான்காவது, எல்லாவற்றுக்கும் மூத்தது, அதில்தான் 146 என்று சரியாக இருந்தது. இரண்டாவது ஆளின் தட்டச்சுக்காரர் ஒரு விசை தவறிவிட்டார், அவ்வளவுதான். அதற்குப் பின்னால் வந்தவர்கள் யாரும் புத்தகத்தைத் திறக்கவில்லை என்று அந்த ஒரு எண் காட்டிக்கொடுத்துவிட்டது. அந்த மூன்று பேரும் இன்று பேராசிரியர்கள். ஊரைச் சொல்ல மாட்டேன்.

இதையே கணக்குப் போட்டுப் பார்த்தவர்கள் உண்டு. லாஸ் ஏஞ்சலஸில் சிம்கின், ராய்சவுத்ரி என்ற இருவர் ஒரு புகழ்பெற்ற கட்டுரையைச் சுட்டிய சுமார் 4,300 இடங்களை எடுத்துக்கொண்டார்கள். 196 இடங்களில் விவரம் தப்பு. ஆனால் அவற்றில் வேறு வேறு தப்புகள் 45தான். ஒரே ஒரு தப்பு மட்டும் 78 தடவை. தப்பும் பரம்பரைச் சொத்தாக வருகிறது. சுட்டுகிறவர்களில் ஐந்தில் ஒருவர்தான் மூலத்தைப் படிக்கிறார் என்று 2003இல் முடிவு கட்டினார்கள். எனக்கு அது ஆச்சரியமாக இல்லை. நூலைத் தேடுவதற்கு முன் சென்னை ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகத்துக்கும் தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் மின்னூலகத்துக்கும் ஒரு நடை போய்ப் பாருங்கள். ‘கிடைக்கவே இல்லை’ என்று என்னிடம் வந்ததில் பாதி அங்கே கிடைத்திருக்கிறது.

செயற்கை நுண்ணறிவுச் செயலியிடம் கேட்டால் பட்டியலையே வடிவம் மாறாமல் கொடுத்துவிடுகிறதே, இனி நாம் ஏன் மெனக்கெட வேண்டும்?
(கல்லூரி மாணவர், சென்னை)

புள்ளி, காற்புள்ளி எல்லாம் அழகாகத்தான் இருக்கும். நூல்தான் இருக்காது. 2023இல் நியூயார்க்கில் வழக்கறிஞர்கள் இருவர் அது கொடுத்த தீர்ப்புகளை நம்பி நீதிமன்றத்தில் மனுப் போட்டார்கள். அப்படி வழக்குகளே நடக்கவில்லை. 5,000 டாலர் அபராதம்.

ஆனால் இல்லாத நூலைச் சுட்டுவதற்கு மனிதர்களுக்கு எந்தச் செயலியும் தேவைப்பட்டதில்லை. எல்செவியர் பதிப்பகம் கட்டுரையாளர்களுக்குக் கொடுத்த வழிகாட்டியில், பட்டியல் எப்படி இருக்க வேண்டும் என்று காட்ட ஒரு மாதிரி போட்டிருந்தது: அறிவியல் கட்டுரை எழுதும் கலை பற்றி, 2000ஆம் ஆண்டு, தொகுதி 163, பக்கம் 51 முதல் 59 வரை. அப்படி ஒரு கட்டுரையே கிடையாது. ஆனால் மாதிரியை அழிக்க மறந்தும், வேறு பட்டியலிலிருந்து எடுத்தும், கிட்டத்தட்ட 400 கட்டுரைகளில் அதைச் சுட்டியிருந்தார்கள். நெதர்லாந்துப் பேராசிரியர் ஒருவர் கவனித்த பிறகு 2017இல் இது வெளியே தெரிந்தது.

சோதிப்பது கஷ்டமில்லை. ஆங்கிலக் கட்டுரை என்றால் பெரும்பாலும் டிஓஐ என்ற நிரந்தர அடையாள எண் இருக்கும், 10 என்று தொடங்கும். அதை டிஓஐ தளத்தில் போட்டால் அந்தக் கட்டுரையின் பக்கம் திறக்க வேண்டும். திறந்தால் மட்டும் போதாது, தலைப்பும் அதே தலைப்புதானா என்று பாருங்கள். தமிழ் நூல்களுக்கு அந்த எண் பெரும்பாலும் இல்லை, நூலக அட்டவணைதான் கதி. வடிவத்துக்கு உதவி வேண்டும் என்றால் ஜோட்டேரோ என்ற மென்பொருள் இருக்கிறது, காசு கேட்காது, ஏபிஏவிலிருந்து ஐஇஇஇக்கு ஒரு சொடுக்கில் மாற்றும். அதிலும் தமிழ்ப் பெயரைக் கொடுக்கும்போது இனிஷியல் எந்தப் பெட்டி, பெயர் எந்தப் பெட்டி என்று நீங்கள்தான் கவனிக்க வேண்டும். தென்காசிப் பெண்ணுக்குச் சொன்னதைப் படித்துக்கொள்ளுங்கள்.

எல்லாம் சரியாகச் செய்தும் பட்டியலின் இரண்டாவது வரி உள்ளே தள்ளவில்லை என்று திருப்பி அனுப்பிவிட்டார்கள். இது அநியாயம் இல்லையா?
(உதவிப் பேராசிரியர், நாகர்கோவில்)

கொஞ்சம் அநியாயம்தான். ஆனால் முதல் வரி ஓரத்தில் நின்று மற்ற வரிகள் உள்ளே போனால்தான் கண் பெயர்களின் மேலேயே சறுக்கிக்கொண்டு இறங்கும். பழைய அட்டவணை அட்டைகளில் நாங்களும் அப்படித்தான் தட்டச்சு செய்தோம்.

நீங்கள் அனுப்பிய நகலைப் பார்த்தேன். ஒவ்வொரு வரி முடிவிலும் என்டர் தட்டி, ஸ்பேஸ் பாரை ஏழெட்டு முறை அழுத்தி உள்ளே தள்ளியிருக்கிறீர்கள். எழுத்துரு மாறியதும் எல்லாம் கலைந்துவிட்டது. அந்த என்டரையும் ஸ்பேஸையும் அழித்துவிட்டு, பட்டியல் முழுவதையும் தேர்வு செய்து, வேர்டில் கன்ட்ரோலையும் டியையும் சேர்த்து அழுத்துங்கள். இதைக் கற்றுக்கொள்ளாமல் நான் பதினோரு வருஷம் ஸ்பேஸ் பார் தட்டியிருக்கிறேன்.